கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம்

குமரி மாவட்டக் கல்லூரிகளில் ஆங்கில பிஎச்.டி.க்கு நெறியாளராக, அதாவது கைடாக, இருப்பவர்களுக்கும், ஆங்கிலத்துறைத் தலைவர்களுக்கும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அக்கா மகள் தக்கலையிலிருந்து வந்தாள். எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதி, மூன்றாவது வகையில் தேறியிருக்கிறாள். அதாவது ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை இல்லை, உதவிப் பேராசிரியர் தகுதியும் இல்லை, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். 2024 ஜூன் தேர்விலிருந்து வந்த ஏற்பாடு இது. அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் ஒரு வருடம். சேர்க்கையில் அதற்கு 70 சதவீதம், நேர்முகத் தேர்வுக்கு 30 சதவீதம். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கட்டஞ்சாயாவை ஆற்றிக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சித்தி, முடிக்க எத்தன வருசம் ஆவும்?"

"அது கைடப் பொறுத்து மக்ளே" என்றேன்.

சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது. 2013-ல் நான் இதே கேள்வியைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதிலும் இதுதான், வார்த்தை மாறாமல். கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன். அப்புறம் 2014 ஜனவரியில் பதிவு செய்தேன், 2021 செப்டம்பரில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்தது. 92 மாதம். ஒரு சுயநிதிப் பிரிவில் பாடம் எடுத்துக்கொண்டே பார்ட் டைமில் செய்தது. எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம், யார் கைடு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். யாரையும் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை, எல்லா இடத்திலும் கதை ஏறத்தாழ ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அவள் போன பிறகு பரணிலிருந்து என் பழைய டைரிகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நகைக்கடையில் வருடா வருடம் கொடுக்கும் டைரிகள், எழுதிய நாளில் பக்க எண்ணைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. 92 மாதத்தில் நான் உண்மையிலேயே ஆய்வேட்டை எழுதியது, திருத்தியது எல்லாம் சேர்த்து 19 மாதம். தலைப்பு மாறியதில் போனது 14 மாதம். கைடு ஓய்வு பெற்று அடுத்தவர் கிடைக்கும் வரை 11 மாதம். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருந்தது 13 மாதம். அதில் கொரோனாவுக்கும் பங்கு உண்டு, முழுப் பழியையும் யார்மீதும் போட முடியாது. மிச்சத்தில் கோர்ஸ் ஒர்க் என்கிற தொடக்கப் பாடங்கள், படிப்பு, இரண்டாவது பிள்ளைப்பேறு, தேர்வுத்தாள் திருத்தம், கல்லூரிக்குத் தரம் போட வரும் நாக் கமிட்டிக்காகக் கோப்பு கட்டியது, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்து எங்கள் பக்கம் ரப்பர் மரமெல்லாம் சாய்ந்து நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்று எல்லாம் அடக்கம். புயலை யாரும் திட்டமிட முடியாது, சரி. ஆனால் தலைப்பும் கைடின் ஓய்வு தேதியும் புயலா?

என் முதல் கைடு நல்ல மனுஷர். நான் பதிவு செய்த அன்று அவருக்கு இன்னும் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சர்வீஸ் பாக்கி. அது அவருக்குத் தெரியும், துறைக்குத் தெரியும், அலுவலகத்தில் கிளார்க்குக்கு நாள் கணக்கோடு தெரியும். தெரியாதது எனக்கு மட்டும். பார்ட் டைமில் சேரும் ஆள் மூன்று வருடத்தில் முடிக்கமாட்டாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பிரிவுபசார விழாவில் அவருக்குச் சால்வை போட்டு, போட்டோ எடுத்து, வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் "இனி நமக்கு யார்?" என்று தோன்றியது.

இப்போது 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, ஓய்வுக்கு மூன்று வருடம்கூட இல்லாதவர் புதிதாக ஆளை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே எடுத்தவர்களை ஓய்வு பெறும் வரை நடத்தலாம், அதற்குப் பிறகு 70 வயது வரை இணை நெறியாளராக இருக்கலாம். நல்ல விதிதான். ஆனாலும் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது: மூன்றரை வருடம் பாக்கி உள்ள ஒருவர் சட்டப்படி பார்ட் டைம் மாணவியை எடுக்கலாம், அவள் எடுத்துக்கொள்ளப்போவது ஐந்து வருடம். அப்படியானால் நடுவில் கைடு மாறுவது முதல் நாளே எழுதிவைத்த விஷயம். அதைத் தப்பென்று சொல்லவில்லை. பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்ற வரம்புக்குள், இந்த மாவட்டத்தில் ஆங்கிலத்துக்கு இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. மூன்றரை வருட சர்வீஸ் உள்ள நல்ல கைடு கிடைத்தால் நானும் போய் நிற்கத்தான் செய்வேன். ஆனால் அன்றைக்கே அடுத்த பெயரையும் பேசிவைத்துவிடுங்கள். இணை நெறியாளராக யார் தொடர்வார், எந்த மாதத்தில் மாற்றக் கடிதம் கொடுக்க வேண்டும், அவருக்கு அந்த நேரத்தில் இடம் காலியாக இருக்குமா. பத்து நிமிடப் பேச்சு. எனக்கு 11 மாதம் மிஞ்சியிருக்கும்.

தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன், நம் துறையில் அதிக நாளைத் தின்பது அதுதான்.

நான் எடுத்தது உயிரோடு இருக்கும், எழுதிக்கொண்டும் இருக்கும் ஒரு புலம்பெயர் எழுத்தாளரின் நான்கு நாவல்கள். நான்காவது நாவலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் ஐந்தாவதை வெளியிட்டார். அடுத்த டி.சி. கூட்டத்தில், அதாவது ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியில், குழுவில் ஒருவர், கையில் டீயோடு, "புதுசு வந்திருக்கே, சேர்க்கலையா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவருக்கு அது ஒரு வாய் டீ குடிக்கும் நேரம், எனக்கு எட்டு மாதம். புத்தகத்தை வரவழைத்து, படித்து, அதற்கு விமர்சனக் கட்டுரை எதுவும் இன்னும் வராததால் மதிப்புரைகளை மட்டும் வைத்துக்கொண்டு 22 பக்கம் எழுதி ஒட்டினேன். ஒட்டியது மாதிரியேதான் இன்றும் இருக்கிறது. பதிவு செய்யும்போதே "இந்த வருடம் வரை வந்த நாவல்கள் மட்டும்" என்று தலைப்பிலோ ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸிலோ ஒரு வரி போட்டிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அதைச் சொல்லித்தர முப்பது வருட அனுபவம் தேவையில்லை, ஒரு தடவை அடிபட்டிருந்தால் போதும். உங்களில் பலர் அடிபட்டவர்கள்தானே?

மிச்ச ஆறு மாதம் கோட்பாடு மாறியதில் போனது. முதல் கைடுக்குப் பின்காலனியம், இரண்டாமவருக்கு ட்ராமா, அதாவது மன அதிர்ச்சி பற்றிய கோட்பாடு. நாவல்கள் அதேதான், நான் அடிக்கோடிட்ட வரிகள் அதேதான், மேலே போட்ட சட்டை மட்டும் வேறு.

அக்கா மகள் மூன்று தலைப்பு கொண்டுவந்திருந்தாள். ஒன்று, புராணத்தைப் பெண் பாத்திரத்தின் பார்வையில் திரும்ப எழுதும் இந்திய ஆங்கில நாவல்கள். இது ஓடிக்கொண்டிருக்கும் ஆறு, மாதம் ஒன்று வருகிறது. ஷோத்கங்காவில் தேடிப் பாரு என்றேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைக் காந்திநகரிலிருந்து இன்ஃப்லிப்நெட் அங்கே ஏற்றிவைக்கிறது, யாரும் இலவசமாகப் படிக்கலாம். தேடிவிட்டு முகம் சுருங்கிப்போனாள், அவள் எழுத நினைத்ததைப் பலர் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தத் தேடலைச் சேர்க்கைக்கு முன்பே உட்காரவைத்துச் செய்யச்சொல்லும் நெறியாளர் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்? என்னைச் செய்யச்சொன்னது சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்து.

இரண்டாவது தலைப்பு சூழலியல் விமர்சனம். அதை விட்டுவிடலாம், அவளுக்கே அதில் ஆசை இல்லை, யாரோ "இப்ப இதுதான் ஓடுது" என்று சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 19-ஆம் நூற்றாண்டில் தெற்குத் திருவிதாங்கூரைப் பற்றி மிஷனரிகள் ஆங்கிலத்தில் எழுதியவை. 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயில் தொடங்கி சாமுவேல் மட்டீர் வரை. மட்டீரின் இரண்டு பெரிய புத்தகங்கள் 1871-லும் 1883-லும் வந்தவை, காப்புரிமை எப்போதோ போய்விட்டது, இன்டர்நெட் ஆர்கைவில் முழுசாகக் கிடைக்கின்றன. எழுதியவர் இனிமேல் புதிதாக ஒன்றும் வெளியிடப்போவதில்லை! அவர் சொல்லும் ஊர்களுக்கு இவள் டவுன் பஸ்ஸில் போய்வரலாம். ஆங்கிலத்துறையில் பயண எழுத்தையும் மிஷனரி எழுத்தையும் இலக்கியமாக வாசிப்பது இன்று யாரும் முகம் சுளிக்கிற விஷயமில்லை.

ஆனால் இங்கேதான் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அச்சில் வந்த புத்தகங்களோடு நிறுத்திக்கொண்டால் நாலரை ஐந்து வருடத்தில் முடியும். அவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களும் வேண்டும் என்று இறங்கினால், அவர்களை அனுப்பிய லண்டன் மிஷனரி சொசைட்டியின் ஆவணங்கள் இருப்பது லண்டனில், சோவாஸ் என்ற கல்வி நிறுவனத்தின் நூலகத்தில். திருவிதாங்கூர் அரசுப் பக்கத்து ஆவணங்கள் வேண்டுமென்றால் அது திருவனந்தபுரம், கேரள அரசு ஆவணக் காப்பகம். 1956 நவம்பர் வரை நாம் அந்தப் பக்கம்தானே இருந்தோம். மார்த்தாண்டத்துக்காரருக்குத் திருநெல்வேலியைவிட அது பக்கம். போகலாம், ஆனால் அனுமதிக் கடிதம், பழைய மலையாள எழுத்து, விடுப்பு என்று ஒரு வருடம் கூடும். லண்டன் என்றால் வருடத்தோடு பணமும் கூடும். இந்த வித்தியாசத்தை முதல் மணி நேரத்தில் சொல்லிவிட்டால் அவள் தெரிந்தே தேர்ந்தெடுப்பாள். சொல்லாவிட்டால் நான்காம் வருடத்தில் குழுவில் யாராவது டீயோடு, "மூலக் கடிதங்களைப் பார்க்கலையா?" என்பார்.

சரி, கணக்குக்கு வருவோம். அன்று நாங்கள் சமையலறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றி மேஜையில் விரித்தோம். அவள் இப்போது ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள், வேலையை விட முடியாது, வீட்டுக் கடன் இருக்கிறது. ஆகவே பார்ட் டைம். சிவப்புப் பேனாவால் முதலில் அடித்தது உள்தேர்வு வாரங்களை, பிறகு பருவத் தேர்வுக் கண்காணிப்பு, பிறகு திருத்தும் முகாம், அட்மிஷன் நேரம், கிறிஸ்துமஸ், இரண்டு பக்கத்துக் கல்யாணங்கள். பச்சைப் பேனாவால் சனிக்கிழமை மத்தியானங்கள், ஞாயிறுகள், கோடை விடுமுறையில் மிஞ்சும் மூன்று வாரம். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும், மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்கும் உள்ளூர் விடுமுறை விடுவார்களே, அதையும் பச்சையில் போட்டாள். "அன்னைக்கு வீட்ல எல்லாரும் திருவிழாவுக்குப் போவாவ, நான் இருந்து எழுதுவேன்" என்றாள். நானும் அப்படித்தான் எழுதினேன். அன்றைக்குத் தெருவே காலியாக, அமைதியாக இருக்கும்.

பச்சையை எண்ணினோம். வருடத்துக்கு 112 நாள்.

ஒரு மைய இயலுக்குப் படிக்க 40 நாள், எழுத 30, திருத்த 20 என்று வைத்தோம். நம் பக்கத்து ஆங்கில ஆய்வேட்டுக்கு முகவுரை, மூன்று மைய இயல்கள், சம்மேஷன் என்கிற முடிவுரை என்ற ஐந்து அறை வீடுதான் வழக்கம். மூன்று மைய இயலுக்கு 270 நாள், முகவுரை, சம்மேஷன், நூற்பட்டியலுக்கு 60. ஆக 330 நாள், வருடத்துக்கு 112 என்றால் ஏறக்குறைய மூன்று வருடம். முன்னால் கோர்ஸ் ஒர்க்குக்கு ஒரு வருடம். குறைந்தது 12 கிரெடிட், அதில் 55 சதவீதம் எடுத்தாக வேண்டும். பின்னால் சினாப்சிஸ், ப்ரீ சப்மிஷன், பிறர் எழுத்தை எடுத்திருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை, பைண்டிங், கையெழுத்துக்கு அலைவது எல்லாம் சேர்த்து எட்டு ஒன்பது மாதம். நாலே முக்கால் வருடம். விதி கொடுப்பது குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் எட்டு வரை போகலாம். ஆறுக்கும் நாலே முக்காலுக்கும் நடுவே 15 மாதம் கையிருப்பு. புயலும் காய்ச்சலும் மாமியாரின் முழங்கால் ஆபரேஷனும் அதற்குள் அடங்க வேண்டும்.

இது ஒரு சுயநிதி ஆசிரியையின் கணக்கு. ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு வேறு கணக்கு. அவருக்கு மாதம் 37,000 இரண்டு வருடம், மதிப்பீட்டில் தேறினால் பிறகு 42,000, மொத்தம் ஐந்து வருடத்தோடு காசு நிற்கும். அவருக்கு ஆறாம் வருடம் என்பது கைக்காசு போட்டுச் செய்யும் வருடம். ஆளுக்கு ஆள் மாறும் இந்தக் கணக்கைத்தான் நீங்கள் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து ஒரு தடவை போட வேண்டும் என்கிறேன்.

இதில் உங்கள் பக்கத்துக்கும் ஒரு தேதி வேண்டும். நான் முதல் இயலைக் கொடுத்தது ஒரு ஜூன் மாதம், 58 பக்கம், ஸ்பைரல் பைண்டிங். நவம்பரில் திரும்பி வந்தது. ஐந்து மாதம் கழித்து வருகிறதே, வரிக்கு வரி சிவப்பாக இருக்கும் என்று பயந்துகொண்டே பஸ்ஸில் வைத்துப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி சேர்த்திருந்தது. கடைசிப் பக்கத்தில் "ஓகே, ப்ரொசீட்." அவ்வளவுதான். தப்பு இல்லை என்று சந்தோஷப்படுவதா, படிக்கவே இல்லை என்று அழுவதா என்று தெரியாமல் வில்லுக்குறி வரை அந்தக் காற்புள்ளியையே பார்த்துக்கொண்டு வந்தேன். உங்கள் நிலைமை தெரியாதவள் இல்லை நான். இப்போது எனக்கே வகுப்பு, தேர்வு வேலை, நாக் கோப்பு என்று கழுத்துவரை இருக்கிறது. நாலு நாளில் திருத்தித் தாருங்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆறு வாரம் என்று சொல்லுங்கள், எட்டு வாரம் என்றாலும் சரி, ஆனால் சொல்லிவிடுங்கள். சொன்ன தேதி தாண்டினால் மாணவி வாட்ஸ்அப்பில் ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கைடுக்கு போன் போட நாங்கள் எத்தனை நாள் ஒத்திகை பார்ப்போம் தெரியுமா?

ஆய்வுக் குழுவின் முன் பருவத்துக்கு ஒரு தடவை முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. அதைப் பழம்பொரியும் டீயும் கையெழுத்துமாக அரைமணி நேரத்தில் முடித்துவிடாமல், இந்தப் பருவத்தில் இந்த இயலின் இத்தனை பக்கம் என்று முன்கூட்டியே பேசிவைத்து அதை மட்டும் கேட்டால் போதும், பாதி தாமதம் அங்கேயே தீரும். பழம்பொரி செலவு யாருடையது என்பதையும், வைவா அன்று துறைக்கே பிரியாணி போடும் வழக்கத்தையும் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம்.

எம்.எல்.ஏ. பற்றி ஒரு வார்த்தை. சட்டமன்ற உறுப்பினர் இல்லை, மேற்கோள் முறை. நான் சேரும்போது ஏழாம் பதிப்பு. ஒவ்வொரு நூல் குறிப்பிலும் 'பிரின்ட்' என்றோ 'வெப்' என்றோ போட வேண்டும். 2016-ல் எட்டாம் பதிப்பு வந்து அதை எடுத்துவிட்டது. அதோடு ஆய்விதழ் என்றால் வெறும் எண்களாக இருந்த இடத்தில் 'வால்யூம்', 'நம்பர்', 'பேஜஸ்' என்று சுருக்கக் குறிகள் சேர்ந்தன. கடைசி மாதத்தில், சப்மிஷனுக்கு 20 நாள் இருக்கும்போது, அலுவலகத்தில் "எட்டுதானே போட்டிருக்கீங்க?" என்றார்கள். 164 குறிப்புகளில் 'பிரின்ட்'டை ஒவ்வொன்றாக அழித்தேன். பக்கத்தில் சின்னவன் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான், அவனுக்கு அப்போதுதான் நூறு வரை எண்ணத் தெரிந்திருந்தது. இப்போது ஒன்பதாம் பதிப்பு நடக்கிறது, 2021-ல் வந்தது. எந்தப் பதிப்பில் முடிக்க வேண்டும், நடுவில் மாறினால் பழையதிலேயே தொடரலாமா என்பதைப் பதிவன்றே எழுத்தில் கொடுங்கள். மேற்கோள் குறிப்புகளைத் தானே அமைத்துத் தரும் ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளை கோர்ஸ் ஒர்க்கில் ஒரு மத்தியானம் சொல்லிக்கொடுத்தால், சின்னவன்களுக்கு எண்ணிப்பழக வேறு ஏதாவது கிடைக்கும்.

கட்டுரை வெளியிடுவது பற்றியும் தெளிவு வேண்டும். 2016 விதியில் ஆய்விதழில் ஒரு கட்டுரையும் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளும் கட்டாயம். 2022 விதியில் யு.ஜி.சி. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு ஏதாவது கேட்கலாம். என்ன கேட்கிறது என்று துறைக்குத் துறை வேறு வேறு பதில் வருகிறது. அந்தக் குழப்பத்தில்தான் "இரண்டு நாளில் வெளியிடுவோம், கூகுள் பே பண்ணுங்க" என்கிற இதழ்கள் பிழைக்கின்றன. கேட்கும் பட்சத்தில், மைய இயல் ஒன்றிலிருந்தே கட்டுரையை எடுக்கச் சொல்லுங்கள். ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாத கருத்தரங்குக்காக நான் எழுதிய ஏழு கட்டுரைகளும் சேர்ந்து ஒரு இயலின் நேரத்தைத் தின்றன.

பெண்கள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. அக்கா மகள் ஏற்கெனவே ஒரு இடத்தில் நேர்முகத்துக்குப் போய்வந்தாள். பொருளைப் பற்றி ஒரு கேள்வி, பிறகு "கல்யாணம் ஆனா தொடர்வீங்களா?" என்று ஒரு கேள்வி. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை, கேட்டவரும் ஒரு பெண்தான் என்பதை மட்டும் சொல்கிறேன். விதியில் இதற்கு எப்போதோ பதில் இருக்கிறது: பிரசவத்துக்கோ குழந்தை வளர்ப்புக்கோ மொத்தம் 240 நாள் வரை விடுப்பு, கால வரம்பில் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடம், எல்லாம் சேர்த்துப் பத்து வருடத்தைத் தாண்டக் கூடாது. 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அந்தக் கூடுதல் வருடங்கள் உண்டு. 240 நாள் விடுப்பு என் காலத்திலேயே, 2016 விதியிலேயே இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்து 41-வது நாள் டி.சி. கூட்டத்துக்குப் போனேன், பிள்ளையை அம்மா வெளியே வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டு நின்றாள், உள்ளே நான் மூன்றாம் இயலின் சுருக்கத்தை வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. இந்த விடுப்பைப் பற்றி நேர்முகத்தில் நீங்களே முதலில் சொல்லுங்கள், கல்யாணக் கேள்விக்குப் பதிலாக.

நிர்வாகத்தினருக்குக் கொஞ்சம்தான். பார்ட் டைமில் சேரும் உங்கள் ஆசிரியைக்கு நீங்கள் கொடுக்கும் தடையில்லாச் சான்றிதழில், ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய வேலை இடம்கொடுக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காக விடுவிப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். அதே வாரத்தில் அவரை விடுதிக் காப்பாளராகவும் போடுகிறீர்கள். சனிக்கிழமை மத்தியானம் மீட்டிங் வைக்காதீர்கள், அதுவே பெரிய உபகாரம். நூலகத்துக்கு என்-லிஸ்ட் என்கிற மின்னூல், மின்னிதழ்த் தொகுப்புக்குச் சந்தா கட்டியிருந்தால் அதன் கடவுச்சொல்லை ஆசிரியர்களுக்குக் கொடுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் அது நூலகரின் மேஜை இழுப்பறையில் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது, எனக்குத் தெரியவந்தது ஐந்தாம் வருடம்.

பிஎச்.டி. எதற்கு என்றும் அவளிடம் கேட்டேன். 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட்டோ, மாநிலத் தகுதித் தேர்வான செட்டோ இருந்தால் போதும், பிஎச்.டி. கட்டாயம் இல்லை. அப்படியிருக்க, அடுத்த தடவை இன்னும் நன்றாக எழுதி உதவிப் பேராசிரியர் தகுதியை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்றேன். "அதையும் எழுதுவேன், ஆனா மட்டீர் எழுதினத யாராவது நம்ம ஊர்ல இருந்து வாசிச்சு எழுதணும்லா சித்தி" என்றாள். சரி, அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

ஆக, நான் உங்களிடம் கேட்பது ஒரு மணி நேரமும் ஒரு தாளும். பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், மாணவியோடு உட்கார்ந்து, கொடுக்கவேண்டிய கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்தப் பருவத்தில் எந்த இயல், தலைப்பின் எல்லை எந்த வருடம், நீங்கள் திருத்தித் தர எத்தனை வாரம், நீங்கள் ஓய்வு பெற்றால் அடுத்து யார், எந்த மேற்கோள் பதிப்பு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். சட்டப்படி அதற்கு மதிப்பு இருக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, பென்சிலால் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு வைவா உட்பட ஆறு மாதத்தில் முடிய வேண்டும் என்று விதி பல்கலைக்கழகத்துக்கே ஒரு தேதி வைத்திருக்கிறது, அதையும் கடைசி வரியில் எழுதிக்கொள்ளுங்கள். தாமதமானால் யாரிடம் கேட்கலாம் என்பதாவது தெரியும்.

அடுத்த சேர்க்கை அறிவிப்பு வந்ததும் அக்கா மகள் உங்களில் ஒருவரைத் தேடி வருவாள். கையில் பச்சையும் சிவப்புமாகக் கோடு போட்ட ஒரு காலண்டர் இருக்கும், எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து எடுத்தது, ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய்க் கறை உண்டு. அதை விரிக்க உங்கள் மேஜையில் இடம் வேண்டும், நாக் கோப்புகளைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
92 மாதம் எடுத்த ஒருத்தி,
திருவட்டாறு பக்கத்திலிருந்து